புதுக் குட்டியை முதல் முறை டாக்டரிடம் கூட்டிப்போகும் முன்: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குப் புதிதாக ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வந்துவிட்டால் முதல் சில நாட்கள் பெயர் வைப்பதிலும் படம் எடுப்பதிலும் ஓடிவிடும். கால்நடை மருத்துவரிடம் போவது, 'ஒரு ஊசி போட்டுக்கொண்டு வரணும்' என்ற அளவில் மனதின் ஒரு மூலையில் கிடக்கும். ஆனால் அந்த முதல் சந்திப்பில் ஊசி ஒரு சின்னப் பங்குதான். குட்டி நன்றாக இருக்கும்போது அதன் எடை என்ன, இதயம் எப்படி ஒலிக்கிறது, ஈறு என்ன நிறம் என்றெல்லாம் டாக்டர் முதன்முதலாகக் குறித்துவைப்பது அன்றுதான். பின்னால் ஏதாவது நோய் வந்தால் அந்தக் குறிப்போடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார். கிளினிக் பயப்பட வேண்டிய இடமா இல்லையா என்று குட்டி முடிவு கட்டுவதும் பெரும்பாலும் அன்றுதான்.

டாக்டரின் அறையில் உங்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் அரை மணி. அந்த நேரத்தில் வாயில்லா ஜீவனுக்காகப் பேச வேண்டியவர் நீங்கள். அதனால் கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எப்போது போவது, யாரிடம் போவது

குட்டி வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு முறை காட்டிவிடுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் போங்கள். புது இடத்துக்கு வந்த அலுப்பில் முதல் நாள் கொஞ்சம் ஒதுங்கியிருப்பது இயல்பு. ஆனால் சாப்பிட மறுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீராகவோ ரத்தம் கலந்தோ கழிச்சல், மூச்சு வாங்குவது, ஈறு வெளுத்திருப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் நாள் குறித்துக் காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள். சின்னக் குட்டிகளின் உடம்பில் சேமிப்பு குறைவு. சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். கழிச்சல் வந்தால் நீர்ச்சத்து மளமளவென்று போய்விடும்.

வீட்டில் ஏற்கனவே வேறு நாயோ பூனையோ இருக்கிறதா? டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை புதியதைத் தனி அறையில் வையுங்கள். முடிந்தால் இரண்டு வாரம் அப்படி வைப்பது நல்லது. சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், மலம் கழிக்கும் மண்தட்டு எல்லாம் தனித்தனி. ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதைத் தொடும் முன் கை கழுவுங்கள். பல தொற்றுகள் உடம்பில் புகுந்து சில நாட்கள் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால், இன்று துள்ளி விளையாடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நாள் குறிக்கத் தொலைபேசியில் பேசும்போதே "இது முதல் முறை, கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கூட்டம் குறைவான வேளை எது, ராத்திரி அவசரம் என்றால் எங்கே போவது, மலம் எடுத்து வர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். பூனை என்றால், பூனைகளுக்குத் தனிக் காத்திருப்பு இடமோ தனி நேரமோ உண்டா என்று விசாரியுங்கள். முயல், பறவை, ஆமை போன்றவற்றை எல்லா டாக்டர்களும் பார்ப்பதில்லை. அவற்றில் பழக்கம் உள்ளவரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கொடுத்தவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை

'ஊசியெல்லாம் போட்டாச்சு' என்று வாயால் சொல்வது எதற்கும் உதவாது. எந்த ஊசி, எந்தத் தேதி என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். ஊசி மருந்துக் குப்பியின் லேபிளும் அதில் ஒட்டியிருந்தால் மருந்தின் பெயர், தொகுதி எண் எல்லாம் தெரிந்துவிடும். குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் அதன் பெயரும் தேதியும் வேண்டும். பிறந்த தேதி, எத்தனை வாரத்தில் தாயிடமிருந்து பிரித்தார்கள், தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தார்களா, அதே ஈத்தில் பிறந்த மற்ற குட்டிகளில் ஏதாவது நோய்வாய்ப்பட்டதா, இதுவரை என்ன சாப்பிட்டது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் கண்டெடுத்த குட்டி என்றால் இது எதுவும் கிடைக்காது. பரவாயில்லை, கண்டெடுத்த இடத்தையும் அப்போது அது இருந்த நிலையையும் சொன்னால் போதும். பல்லைப் பார்த்தே டாக்டர் வயதை ஓரளவு கணித்துவிடுவார்.

தேதிகளை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிறந்த முதல் சில மணி நேரங்களில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்து சேர்கிறது. அது குட்டியைக் காப்பாற்றும். அதே சமயம் தடுப்பூசி மருந்தையும் உள்ளே வந்த கிருமியாகப் பாவித்து அடக்கிவிடும். இந்தத் தாய்வழிக் காப்பு எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு குட்டிக்கு 8-வது வாரத்தில் தீர்ந்துவிடும், இன்னொன்றுக்கு 14-வது வாரம்வரை நீடிக்கும். அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒரு முறை, 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். 'ஏற்கனவே ரெண்டு ஊசி போட்டாச்சே' என்று நடுவில் நிறுத்தினால், போட்ட இரண்டுமே வேலை செய்யாமல் போயிருக்க வாய்ப்பு உண்டு. குட்டி வளர்ப்பவர்கள் ஒன்றே ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வீட்டிலேயே கவனித்து எழுதி வையுங்கள்

ஒரு நோட்டிலோ கைபேசியிலோ தினமும் நாலு வரி எழுதுங்கள். என்ன சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை முறை மலம் போனது, கெட்டியா இளக்கமா, சிறுநீர் கழிக்கும்போது முக்குகிறதா, ராத்திரி எப்படித் தூங்குகிறது. உணவுப் பையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "அந்த நீலப் பை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

குட்டி ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் தூக்கத்தில் இது பொதுவாக நிமிஷத்துக்கு 30-க்குள் இருக்கும். சின்னக் குட்டிக்குச் சற்றுக் கூடலாம். கிளினிக்கில் பதற்றத்தில் மூச்சு வேகமாகத்தான் போகும் என்பதால் வீட்டில் எடுத்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

இருமல், நொண்டல், விசித்திரமாகத் தலையை ஆட்டுவது என்று எதையாவது பார்த்தால் உடனே வீடியோ எடுங்கள். வீட்டில் நொண்டிய நாய் டாக்டரின் முன்னால் நேராக நடக்கும். பூனைகள் இதில் இன்னும் கெட்டிக்காரர்கள். வலியை மறைப்பது அவற்றின் பிறவிக் குணம்.

தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வாலடியிலும் கழுத்திலும் சீவுங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. அது குடித்த ரத்தம்தான் அப்படிக் கசிகிறது. நிறம் மாறாவிட்டால் அநேகமாக வெறும் அழுக்கு.

நீங்களாகவே ஏதாவது மருந்து கொடுத்திருந்தால், வீட்டு வைத்தியமாக இருந்தாலும், மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைத்தால் பாதிக்கப்படுவது குட்டிதான். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். ஒரே ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை நாய், பூனை இரண்டுக்கும் ஆபத்து. நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி, உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனையின் மேல் படவே கூடாது. டாக்டர் பார்க்கும்வரை எந்த மருந்தையும் தொடாமல் இருப்பதே மேல்.

மலத்தை எப்படி எடுத்துப் போவது

அன்று காலையில் போன மலம் நல்லது. ஒரு டீஸ்பூன் அளவு போதும். இறுக்கமான மூடி உள்ள சுத்தமான டப்பாவில், மண் அதிகம் ஒட்டாமல் எடுங்கள். சில மணி நேரம் தாமதமாகும் என்றால் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து தள்ளி ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

'புழு எதுவும் கண்ணில் படவில்லையே' என்று இதைத் தவிர்த்துவிடாதீர்கள். தேடுவது புழுவின் முட்டையை. அது மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும். நாய்க்குட்டிகளுக்கு உருண்டைப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடும், பூனைக்குட்டிகளுக்குப் பால் வழியாக வரும். சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்கும் புழு இருப்பது இதனால்தான். இந்தப் புழுவின் முட்டை மனிதர்களுக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கும் தொற்றும். மலத்தை அள்ளிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கூண்டையும் கையையும் பழக்குவது

பல பூனைகளுக்குக் கூண்டு கண்ணில் பட்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும் பழக்கம் இருக்கிறது. காரணம், அந்தக் கூண்டு வெளியே வருவது டாக்டரிடம் போகும் நாளில் மட்டும்தான். இதை முதல் நாளிலேயே தடுத்துவிடலாம். குட்டி வீட்டுக்கு வந்த அன்றிலிருந்தே கூண்டைக் கதவு திறந்தபடி, வீட்டார் உட்காரும் அறையில் வையுங்கள். உள்ளே அது படுத்துறங்கும் துணியைப் போடுங்கள். அவ்வப்போது உள்ளே ஒரு துண்டு தின்பண்டம் போடுங்கள், சில வேளைச் சாப்பாட்டையும் உள்ளேயே கொடுங்கள். தானாகப் போகட்டும், தானாக வரட்டும். கிளினிக் போவதற்கு இரண்டே நாள்தான் இருக்கிறது என்றாலும் இது பலன் தரும். டாக்டரிடம் போய்வந்த பிறகும் கூண்டை உள்ளே தூக்கி வைத்துவிடாதீர்கள்.

புதிதாகக் கூண்டு வாங்குவதாக இருந்தால் மேல்பக்கமும் திறக்கக்கூடிய, மேல்பாதியைத் தனியாகக் கழற்றக்கூடிய கெட்டிப் பிளாஸ்டிக் கூண்டாக வாங்குங்கள். பயந்த பூனையை முன்வாசல் வழியாகப் பிடித்து இழுக்காமல், மேல்மூடியை மட்டும் எடுத்துவிட்டு அடிப்பாதியில் உட்கார்ந்தபடியே டாக்டர் பரிசோதித்துவிட முடியும். நாய்க்குட்டிக்குப் பெரிய கூண்டு கட்டாயமில்லை என்றாலும் கழுத்துப்பட்டை நழுவாமல் பொருந்த வேண்டும்.

அடுத்தது தொடுதல். டாக்டர் செய்யப்போகும் எல்லாவற்றையும் வீட்டில் விளையாட்டாக ஒத்திகை பாருங்கள். காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு தின்பண்டம், உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்துவிட்டு ஒரு தின்பண்டம், பாதத்தைப் பிடித்து விரல்களை லேசாக அழுத்திவிட்டு ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விநாடிதான். குட்டி விலகினால் உடனே விட்டுவிடுங்கள். ஒரு மேசையில் வழுக்காத துணி விரித்து அதன்மேல் நிற்கவும் பழக்குங்கள். கிளினிக் மேசை வழவழப்பாக, சில்லென்று இருக்கும். கால் வழுக்கியதுமே பாதி பயம் வந்துவிடும். அந்தத் துணியையே கிளினிக்குக்கும் எடுத்துப் போங்கள்.

கிளம்பும் நாள்

சின்னக் குட்டியைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டிருந்தால் போதும். வழியில் வாந்தி வராது, கிளினிக்கில் தின்பண்டத்துக்கும் ஆசைப்படும். மயக்க மருந்தோ குறிப்பிட்ட ரத்தப் பரிசோதனையோ இருக்கிறது, வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று டாக்டரே சொல்லியிருந்தால் அது வேறு விஷயம்.

பையில் ஊசி அட்டை, கவனித்து எழுதிய குறிப்பு, மல டப்பா, தின்பண்டம், பழைய துண்டு இரண்டு, துடைக்கத் தாள் இருக்கட்டும். கேள்விகளை முந்தின இரவே எழுதிவிடுங்கள், அங்கே போனதும் மறந்துவிடும்.

காரில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் கையிலிருந்து பறந்துவிடும். முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் கூண்டை வைப்பது நல்லது, அசையாது. பூனைக் கூண்டின்மேல் மெல்லிய துண்டைப் போர்த்துங்கள். தூக்கும்போது கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டாமல், அடியில் கை கொடுத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள்.

காத்திருக்கும் இடத்தில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: ஊசிகள் முடியாத நாய்க்குட்டியைத் தரையில் விடாதீர்கள். நோயுற்ற நாய்கள் வந்துபோகும் இடம் அது. நாய்க்குட்டிகளுக்குக் கடுமையான வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தரும் பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கும் அசையாது. கையிலோ மடியிலோ கூண்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாய்களை மோந்து பார்க்கவும் விடாதீர்கள். பூனைக் கூண்டைத் தரையில் வைக்காமல் நாற்காலியின்மேல், மற்ற விலங்குகளைப் பார்க்காத பக்கம் திருப்பி வையுங்கள்.

குட்டிக்குத் தினமும் சாப்பாடு போடுபவர் கட்டாயம் போக வேண்டும். மொத்தக் குடும்பமும் அறைக்குள் திரள வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கும்

முதலில் எடை. மருந்தின் அளவு எடையை வைத்துத்தான் என்பதால் இந்த எண்ணை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் காய்ச்சல் பார்ப்பார்கள், பெரும்பாலும் ஆசனவாய் வழியாக. நாய்க்கும் பூனைக்கும் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்வரை இயல்பான சூடு, நம் உடம்பைவிட அதிகம். 'தொட்டால் சுடுகிறது, காய்ச்சல்தான்' என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

பிறகு கண், காது, வாய். மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்றும் பார்ப்பார். பால்பற்கள் நாய்க்குட்டிக்கு 28, பூனைக்குட்டிக்கு 26. தொப்புளில் குடலிறக்கம் உண்டா, ஆண் குட்டிக்கு விரைகள் இறங்கியிருக்கின்றனவா, முழங்கால் சில்லு நழுவுகிறதா, தோலில் படர்தாமரை உண்டா என்று வரிசையாகப் போகும். இதயத்தில் லேசான முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்று சொன்னால் அதிர்ந்துவிடாதீர்கள். குட்டிகள் சிலவற்றுக்கு அது இருந்து, வளர வளர மறைந்துவிடும். ஒவ்வொரு ஊசிக்கும் போகும்போது மறுபடி கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மறையாவிட்டால் மேற்கொண்டு பரிசோதனை தேவை.

பூனைக்குட்டிக்கு ரத்தப்புற்று வைரஸ், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி வைரஸ் ஆகியவற்றுக்கு ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். இரண்டாவது மட்டும் 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டியில் 'இருக்கிறது' என்று காட்டினால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளையே அது காட்டியிருக்கலாம். வளர்ந்த பிறகு மறுபடி சோதிக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இந்த நேரம் முழுக்க உங்கள் வேலை, குட்டியின் முகத்தின் பக்கம் நின்று மெல்லப் பேசிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பண்டம் கொடுப்பது. ஊசி குத்தும் நொடியில் நக்கிக்கொண்டிருந்தால் பல குட்டிகளுக்கு ஊசி போட்டதே தெரியாது. சீறினாலும் கத்தினாலும் அதட்டாதீர்கள், அது பயம். மிகவும் நடுங்குகிறது என்றால் "அவசரமில்லாத சோதனையை அடுத்த முறை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கலாம். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்படமாட்டார். வெறிநோய்க்கான ரேபிஸ் ஊசியை மட்டும் தள்ளிப்போடும் பட்டியலில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் 12 வார வயதில் போடுவார்கள், பல இடங்களில் சட்டமே அதைக் கேட்கிறது. அறிகுறி வந்த பிறகு அந்த நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய இல்லவே இல்லை.

அறையை விட்டு வெளியே வரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் சில. அடுத்த ஊசி என்று, குடற்புழு மருந்து எத்தனை நாளுக்கு ஒரு முறை, உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் எந்த மருந்து, கொசுவால் பரவும் இதயப்புழு உங்கள் பகுதியில் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் உணவு, கருத்தடை அறுவை எந்த வயதில். கடைசிக் கேள்விக்கு எல்லா நாய்க்கும் ஒரே பதில் கிடையாது. பெரிய இன நாய்களுக்குச் சற்றுத் தள்ளிச் செய்யச் சொல்வது வழக்கம். மைக்ரோசிப் பற்றியும் கேளுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலடியில் வைக்கும் அரிசிமணி அளவுப் பொருள் அது. அதில் 15 இலக்க எண் இருக்கும். குட்டி எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. கண்டெடுத்தவர் கருவியால் படித்தால் எண் தெரியும், அவ்வளவுதான். உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அந்த எண்ணோடு பதிவு செய்யாவிட்டால் சிப் இருந்தும் பயனில்லை.

முயல், பறவை, ஆமை

முயலை ஒருபோதும் பட்டினி போடக் கூடாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், காய்ந்த புல்லைக் கூண்டிலேயே போட்டுக் கூட்டிப்போங்கள். ஜோடி முயல் இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். பறவை என்றால் கூண்டைக் கழுவித் துடைத்துப் பளிச்சென்று எடுத்துப் போகாதீர்கள். அடியில் இருக்கும் எச்சத்தின் நிறமும் அளவும்தான் டாக்டருக்கு முதல் தகவல். ஆமை, பல்லி வகைகளுக்கு வழியில் குளிர் படக் கூடாது. அவை வாழும் தொட்டியையும் விளக்கையும் படம் எடுத்துப் போங்கள், அவற்றின் நோய்களில் நிறைய வளர்ப்பு முறையிலிருந்தே வருகின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு

ஊசி போட்டதும் அரை மணி நேரம் கிளினிக் பக்கத்திலேயே இருந்துவிட்டுக் கிளம்பினால் நல்லது. அன்றும் மறுநாளும் கொஞ்சம் சோர்வு, பசி குறைவு, ஊசி போட்ட இடத்தில் வலி இருக்கலாம். முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, தொடர்ந்து வாந்தி, மூச்சுத் திணறல், மயங்கி விழுவது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் திரும்பக் கொண்டுபோங்கள். பூனைக்கு ஊசி போட்ட இடத்தில் கட்டி தென்பட்டால் அளவையும் தேதியையும் குறித்துவையுங்கள். 3 மாதத்துக்கு மேல் மறையாமல் இருந்தாலோ, 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஊசி போட்டு 1 மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ காட்டியாக வேண்டும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால், கிளினிக் வாசனையோடு திரும்பி வருவதைப் பார்த்துச் சீறலாம். சில மணி நேரம் தனியே வைத்தால் வாசனை அடங்கிவிடும்.

அடுத்த ஊசி வரும்வரை நடுவில் ஒரு நாள், எடை மட்டும் பார்த்து ஒரு தின்பண்டம் கொடுத்துக் கூட்டிவர கிளினிக்கில் அனுமதி கேளுங்கள். பல இடங்களில் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். ஊசிகள் முடியாத நாய்க்குட்டியை வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்காதீர்கள். மனிதர்களையும் சத்தங்களையும் பயமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் நாய்க்கு ஏறக்குறைய 3 முதல் 14 வாரம்வரைதான். கையில் தூக்கிக்கொண்டு வெளியே போய் வண்டி, குடை, குழந்தைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள், தரையில் மட்டும் விடாதீர்கள்.

அடுத்த ஊசித் தேதியைக் கைபேசியில் இரண்டு நாள் முன்னதாகவே நினைவூட்டும்படி வையுங்கள். எப்படியோ தவறிவிட்டால் வெட்கப்படாமல் உடனே கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இடைவெளி எவ்வளவு ஆகிறது என்பதைப் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, கூடுதலாக ஒரு ஊசி போட வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள்.